நடந்து வெளியே வந்தவர்கள்

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பொம்மை வண்டிகளை வைத்து மேசைப்போர் ஆடுகிற கூட்டத்தில் அவரை நடுவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. வாரம் முழுவதும் அட்டைப்பெட்டி கம்பெனியில் வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் வரைவது அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாடி அறைக்கு ஏறி, எந்தச் சாலையில் எவன் சாகலாம், எவன் பிழைக்கலாம் என்று விதி எழுதுவார். மனிதனுக்கு எதிலெல்லாம் ஆசை வருகிறது பாருங்கள்.

மாடி அறையில் பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்ட மேசை. அதன்மேல் தெர்மோகோல் குன்றுகள், உப்புத்தாளை நீளநீளமாகக் கிழித்து ஒட்டிய சாலைகள், தீப்பெட்டி அளவில் வீடுகள், கட்டைவிரல் அளவில் வண்டிகள். வண்டி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அளவுகோல் சொல்லும். உள்ளே இருப்பவன் பிழைத்தானா என்பதைப் பகடை சொல்லும். இரண்டும் சொல்லாததை நடுவர் சொல்வார், அவர் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை பல் டாக்டர் உருட்டிய பகடை மேசையை விட்டுத் துள்ளி ஜன்னல் கம்பிக்கு இடையில் மாட்டிக்கொண்டது. கீழே விழுந்த பகடை செல்லாது என்பது விதி. விழாமல் நடுவில் தொங்கினால் செல்லுமா செல்லாதா என்று டாக்டர் மல்லுக்கு நின்றார். நடுவர் அசைந்து கொடுக்கவில்லை. இத்தனைக்கும் டாக்டர் அவருக்குப் பல வருஷத்து நண்பர், அவருடைய கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கியவர். அதற்கெல்லாம் மசிகிற ஆளா அவர்? அன்றைக்கு டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர் மறுவாரம் தானாகவே திரும்பி வந்தார்.

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த புது ஆட்டத்தில் ஒரு பக்கம் ராணுவ வண்டிகளின் வரிசை, மறுபக்கம் சாலையோரக் குண்டுகள். குண்டுக்காரர் சாலை நெடுக அட்டை வில்லைகளைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பெரும்பாலும் வெற்று வில்லைகள். சிலவற்றின் அடியில் மட்டும் குண்டுப் படம் இருக்கும். தேடித்தேடி மெதுவாகப் போனால் நேரம் தீர்ந்து வண்டிக்காரர் தோற்பார். விரட்டிக்கொண்டு போனால் வெடிக்கும்.

வரிசைக்கு முன்னால் போவது கண்ணிவெடி தாங்கும் வண்டி. அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்காது, படகின் அடி மாதிரி நடுவில் கூராக இறங்கியிருக்கும். கீழே வெடித்தால் வெடியின் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போகும், உள்ளே இருப்பவர்கள் தப்பிப்பார்கள். இதற்கு நடுவர் எழுதிய விதி மூன்றே வரி. வெடித்தால் பத்துமுகப் பகடையை உருட்டு. பத்து விழுந்தால் வண்டி காலி. வேறு எது விழுந்தாலும் வண்டியின் தலையில் ஒரு மஞ்சள் வில்லையை வை, ஒரு சுற்று நகராமல் நில், அடுத்த சுற்றில் வில்லையை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. மஞ்சள் வில்லைக்குத் தடுமாற்றம் என்று பெயர் வைத்திருந்தார்.

முதல் வரைவில் அது இப்படி இல்லை. வில்லையை வைத்தால் வைத்ததுதான், எடுக்கக் கூடாது. அடுத்த வெடிக்கு இன்னொன்று சேரும்; சேரச்சேர ஓட்டுநரின் கண்ணும் காதும் கையும் மந்தமாகும் என்று எழுதியிருந்தார். ஆடிப் பார்த்தால் ஆட்டமே நகரவில்லை. இரண்டு வில்லை ஏறியதும் ஆடுகிறவர்கள் அந்த வண்டியை முகாமுக்குத் திருப்பிவிட்டார்கள். சிலர் முகாமை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எந்த வண்டிக்கு எத்தனை வில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய தொல்லையாகப் போயிற்று. ஒரு மத்தியானத்துக்குள் முடியாத ஆட்டத்தை எவன் வாங்குவான் என்று பதிப்பாளர் ஃபோனில் கடிந்துகொண்டார். நடுவர் அந்த விதியைத் தூக்கிக் கடாசினார்.

மனசு கொஞ்சம் உறுத்தியிருக்கும் போலிருக்கிறது, ஆதாரம் தேடினார். கிடைத்தது. அந்த வகை வண்டிகளுக்கு அடியில் குண்டு வெடித்தபோது உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாமாகவே நடந்து வெளியே வந்தார்கள் என்று ராணுவத்தார் வெளியிட்ட அறிக்கையிலேயே போட்டிருந்தது. நடந்து வந்தவனுக்கு என்ன குறை? பத்தில் ஒன்று என்று பகடைக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

அவருடைய தங்கைக்குத்தான் தூக்கம் இல்லை. அவள் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். அவள் புருஷன், நடுவருக்கு மாப்பிள்ளை, நிஜமாகவே அந்த வண்டியை ஓட்டுகிறவர். விடுப்பில் வந்திருந்தார். அவர் ஓட்டிய வண்டிக்கு அடியில் நான்கு முறை வெடித்திருக்கிறது, நான்கு முறையும் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, முழங்காலைத் தட்டிப் பார்த்து, காயம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே மறந்துபோகிறார். குழாயைத் திறந்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்று நினைவுபடுத்தினால் எரிந்து விழுகிறார். வெயில் கண்ணில் பட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்திவிடுகிறார். தலைவலி மாத்திரையை அட்டை அட்டையாக அவர் விழுங்குவது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகுமா? அவள் பிழைப்பே மாத்திரைதானே.

விடுப்பு முடியப் போகிறது. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ராணுவக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இன்னொன்று, இன்னும் இரண்டு வருஷத்துக்கு அதே வண்டி. மாப்பிள்ளை வண்டிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். வீட்டில் அவர் தொட்டது எதுவும் துலங்கவில்லை. அங்கே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். மச்சான் எழுதிய விதிப் புத்தகத்தின் அச்சுக்கு முந்தைய பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. பெண்டாட்டி வாயைத் திறந்தால் அதைப் புரட்டி அந்த மூன்று வரியைக் காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை தங்கை மாடிப்படி ஏறி வந்தாள். அண்ணன் வண்டிகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. மஞ்சள் வில்லையை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுகிற மாதிரி விதியை மாற்றச் சொன்னாள். நாளைக்கு அவர் ஆட வரும்போது அந்த மாதிரி ஆடவைத்தால் போதும், வண்டி நின்றுபோவதைக் கண்ணால் பார்த்தால் கொஞ்சமாவது யோசிப்பார் என்றாள்.

"அவர் நான் சொன்னா கேக்கல, எங்க கடைப் பக்கத்து டாக்டர் சொன்னா கேக்கல. நீ எழுதினதத்தான் கையில வெச்சிக்கிட்டு என்னை மடக்குறாரு. அதனால நீயே மாத்துண்ணா."

நடுவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வகுப்பெடுத்தார். விதி என்பது ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம் இல்லை என்றார். தொண்ணூறு சதவீதம் என்கிற எண்ணை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது அறிக்கையில் இருப்பது என்றார். முதல் வரைவில் அவரே அப்படித்தான் எழுதியிருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்றைச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

"உனக்காக மாத்தினா அது விதி இல்லம்மா, பொய்."

"பொய்யாவே இருக்கட்டும்ணா. என் புருஷன் இருப்பாருல்ல."

நடுவர் மறுபடி தூரிகையை எடுத்துக் குனிந்துகொண்டார். அவள் இறங்கிப் போனாள். போகும்போது கதவை அறைந்து சாத்தியிருந்தாலாவது அவருக்கு உறைத்திருக்கும், மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பார்க்க ஜம்மென்று இருந்தார். பல் டாக்டர் குண்டுக்காரர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை யாரையாவது வெடிவைத்துத் தகர்த்தால்தான் உடம்பு லேசாகும். அவர் வில்லைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வண்டிக்காரர்.

மாப்பிள்ளை தேடவும் இல்லை, தயங்கவும் இல்லை. கண்ணிவெடி தாங்கும் வண்டியை முன்னால் விட்டு, சாலையின் நடுவில் முழு வேகத்தில் ஓட்டினார். முதல் வெடி. பகடையில் நான்கு. மஞ்சள் வில்லை ஏறியது, அடுத்த சுற்றில் இறங்கியது. இரண்டாவது வெடி. ஏழு. வில்லை ஏறியது, இறங்கியது. மூன்றாவது வெடிக்கு டாக்டர் இருப்பதிலேயே பெரிய குண்டை ஒரு வளைவில் வைத்திருந்தார். பகடை மேசை நெடுக உருண்டு ஒன்பதில் நின்றது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். விடுப்பில் வந்ததிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நடுவருக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மனசு குளிர்ந்துபோயிற்று. தங்கை வீணாகப் பயப்படுகிறாள் என்றுகூட நினைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் மாப்பிள்ளை மூன்றாவது வில்லையையும் இறக்கிவிட்டு முன்வண்டியை நகர்த்தினார். பின்வண்டிகளை நகர்த்தினார். அளவுகோலைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அளவுகோலை எடுத்து முன்வண்டியை மறுபடியும் நகர்த்தினார். ஏமாற்றுகிறவனுக்கு ஒரு முகம் உண்டு. அவர் முகத்தில் அது இல்லை. ஏற்கெனவே நகர்த்தியது அவருக்கு நினைவே இல்லை. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். நடுவர் மேசைக்கு அடியில் டாக்டரின் காலை மிதித்தார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

ஜன்னல் கம்பியில் தொங்கிய பகடைக்கு வளையாத மனிதர் அன்றைக்கு வளைந்தார். இரக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தான் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது. மாப்பிள்ளையின் வண்டி அந்த இரண்டாவது நகர்வில்தான் எல்லைக்கோட்டைத் தாண்டியது. ஜெயித்துவிட்டார்.

தேநீர் வந்தது. தோற்ற வயிற்றெரிச்சலில் டாக்டர் அந்த விதியைக் குடைய ஆரம்பித்தார். இத்தனை பெரிய குண்டுக்கும் அதே பத்தில் ஒன்றுதானா, இதென்ன நியாயம் என்றார். நடுவர் அறிக்கையை ஒப்பித்தார்: நூற்றுக்குத் தொண்ணூறு பேர், தாமாக நடந்து வெளியே வந்தார்கள்.

மாப்பிள்ளை தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"நான் நாலு வாட்டி நடந்து வெளிய வந்திருக்கேன் மச்சான். நாலு வாட்டியும் எழுதிக்கிட்டாங்க. அப்ப உங்க தொண்ணூறுல நான் மட்டுமே நாலு ஆளு."

டாக்டரும் சிரித்தார். நடுவருக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் ஒரு கோடு தப்பினால் பெட்டி மூடாது என்று தெரிந்து வாழ்கிறவர்; இந்தக் கோடு எங்கே தப்பியது என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறு பேர் என்று அவர் படித்தது தொண்ணூறு மனிதர்களை இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் புதிதாக ஆள் பிடித்து உட்காரவைத்தார்களா என்ன? நடந்து வந்தவனையே மறுபடி ஏற்றி அனுப்பினார்கள். அவன் மறுபடி நடந்து வந்தான், மறுபடி எழுதிக்கொண்டார்கள். எவன் இனி ஏற முடியாமல் போனானோ, அவன் கடைசியாக நடந்து வந்ததோடு அறிக்கையில் அவன் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அவன் அடுப்பை மறந்தானா, பெண்டாட்டி முகத்தை மறந்தானா என்று எவனும் எழுதவில்லை.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், டாக்டர் சாட்சிக்கு இருந்தார். ஆனால் புத்தகம் பதிப்பாளர் கையில் இருக்கிறதே, அறிக்கையை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிடலாமே, மாப்பிள்ளை இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று நடுவர் மென்று முழுங்கினார். மாப்பிள்ளை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு விடைபெற்றார். வாசலில் செருப்பைத் தேடி இரண்டு தரம் உள்ளே வந்துபோனார். செருப்பு அவர் காலில் இருந்தது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை போய் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தங்கை கடையிலிருந்து ஃபோன் செய்தாள். மூன்று குண்டையும் தாங்கிவிட்டது, மச்சானே பக்கத்தில் இருந்து பார்த்தார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவள் அழவில்லை. அண்ணன் என்று ஒருவன் இருந்தும் அந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் போனானே என்று சொன்னாள், சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் நடுவருக்குச் சூடு பிடித்தது. பணியில் போய்ச் சேரும்வரை கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது, அதைத் தங்கைதான் விசாரித்து வைத்திருந்தாள். நடுவர் கம்பெனிக்கு லீவு போட்டார். அறிக்கையை வரிவரியாகப் படித்தார். தூக்கிக் கடாசிய முதல் வரைவைத் தேடியெடுத்தார். எடுக்கக் கூடாத மஞ்சள் வில்லையை மறுபடியும் விதிக்குள் கொண்டுவந்தார். ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய விதிகளிலேயே நேர்மையானது அதுதான். மாப்பிள்ளை கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை கட்டிலில் பையை வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை தொங்கியது, வெளிச்சம் அவருக்கு ஆகவில்லை. தங்கை சமையலறை வாசலில் நின்றாள். நடுவர் காகிதத்தை நீட்டினார். மாப்பிள்ளை கொஞ்சம் படித்தார், நெற்றியைத் தேய்த்தார், மறுபடி முதல் வரிக்குப் போனார். அப்புறம் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபம் எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகள் செய்த குறும்பைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சிரிப்பு மட்டும்.

"இவ கேட்டா, நீங்க மாத்திட்டீங்க."

இல்லை என்று நடுவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். அவள் கேட்டபோது மாற்ற மறுத்ததைச் சொன்னார். தொண்ணூறு பேர் கணக்கு எப்படித் தப்பு என்று விரல்விட்டு விளக்கினார். அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எனக்கே புரிந்தது என்றார். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மச்சான், அன்னிக்கு ஆட்டத்துல நான் ரெண்டாவது வாட்டி வண்டிய நகத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்ல. டாக்டர் நேத்து கடைத்தெருவுல பாத்து, உங்க மச்சான் என் கால மிதிச்சு வாயடைச்சிட்டாருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நீங்க யாருக்கும் விதிய வளைக்க மாட்டீங்க. எனக்காக வளைச்சீங்க. அப்ப இதையும் எனக்காகத்தான் வளைச்சிருப்பீங்க."

நகர்த்தியதை மறந்த தலையை வைத்துக்கொண்டா மறுபடி வண்டி ஓட்டப் போகிறீர்கள் என்று தங்கைதான் கேட்டாள். அதற்கு மாப்பிள்ளை, மேசையில் பொம்மை வண்டி, அங்கே என் வண்டி, இரண்டும் ஒன்றா என்றார். பாசத்தில் செய்தது என்று எனக்குத் தெரியும் மச்சான், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நடுவரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

புத்தகம் வெளிவந்தது. புது விதியைச் சேர்க்கச் சொல்லி நடுவர் பதிப்பாளரோடு சண்டையே போட்டார். கடைசிப் பக்கத்தில், விரும்புகிறவர்கள் இதையும் சேர்த்து ஆடலாம் என்று பொடி எழுத்தில் போட்டார்கள். எவன் விரும்புவான்? விறுவிறுப்பான ஆட்டம் என்று நாலா பக்கமும் நல்ல பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர் மாடி அறைக்குப் போவது நின்றுவிட்டது. டாக்டர் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

மாப்பிள்ளைக்கு ஐந்தாவது வெடி ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நடந்தது. வண்டி கவிழவில்லை. கதவைத் திறந்துகொண்டு தானாக நடந்து வெளியே வந்தாராம். பின்னால் இருந்த இரண்டு பேரைக் கைபிடித்து இறக்கியும் விட்டாராம். காயம் இல்லை என்று எழுதினார்கள். இதெல்லாம் பிறகு அவரோடு இருந்த ஒருவர் தங்கையிடம் சொன்னது. மறுநாள் காலையில் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிகளில் அலைக்கழித்து, கடைசியில் ஓட்டத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

தங்கை அண்ணனைத் திட்டவில்லை. திட்டுவாள், நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்த மனிதருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவள் ஒரு நாள் ஃபோன் செய்து, "புதன்கிழமை எனக்குக் கடையில நாள் பூரா வேலை. நீ வந்து அவர்கூட உக்காரு. அடுப்புப் பக்கம் போகாம பாத்துக்க" என்றாள். சரி என்றார். அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் கம்பெனிக்கு லீவு.

சில புதன்கிழமைகளில் மாப்பிள்ளைக்கு ஆளைத் தெரியும், மச்சான் என்று கூப்பிட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். சில புதன்கிழமைகளில் தெரியாது. அப்படி ஒரு புதன்கிழமை அவருக்கு ஆளைத் தெரியவில்லை. நடுவர் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டில் யாரும் இல்லை, கொஞ்சம் உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டார் போலும். நடுவர் உட்கார்ந்தார். ஜன்னல் போர்வையின் ஓரத்தில் வெயில் கசிந்தது. எழுந்து போய் அதை இழுத்துச் செருகிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அந்த உபகாரம் மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. பேச்சு கொடுத்தார்.

தான் பெரிய வண்டி ஓட்டியதைச் சொன்னார். குண்டு வெடித்தால் வண்டிக்குள் எப்படி இருக்கும் என்று சொன்னார். சொல்லிவிட்டு அதையே இன்னொரு முறை சொன்னார். பயமாக இருக்காதா என்று நடுவர் கேட்டார். எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"எனக்கு ஒரு மச்சான் இருக்காரு சார். ரொம்பக் கெட்டிக்காரர். எதையும் கணக்குப் போட்டுப் பாத்துத்தான் சொல்வாரு. வண்டிக்குள்ள இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது, நடந்து வெளிய வந்துருவான்னு அவர் புத்தகத்துலயே போட்டிருக்காரு. அதனாலதான் தைரியமா போனேன்."

நடுவர் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். ஏதோ நினைவுக்கு வந்தவராக நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தார். முகத்தில் கவலை தெரிந்தது.

"அவரு இப்பெல்லாம் வர்றதே இல்ல. ஏதோ வருத்தம்னு இவ சொல்றா. நீங்க எங்கயாவது பாத்தா சொல்லுங்க சார். அவர் கணக்கு தப்பல. நான் நடந்துதான் வெளிய வந்தேன்."

"சொல்றேன்" என்றார் நடுவர்.